டிவியைப் பார்த்து ஓகே சொன்னவர்

மூலனூர்ப் பக்கம் மழையை நம்பிக் கிடந்த காட்டில் பிறந்து, நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, திருப்பூருக்கு வந்து, பனியன் கம்பெனியில் டெய்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக் கொடுக்கிற கைமடி ஆளாக வேலைக்குச் சேர்ந்தவன் நான். அங்கிருந்து நாலு தையல் மெஷின் போட்டேன். நாலு நாற்பதாச்சு. தகரக் கொட்டகையில் கட்டிங் மேஜை போட்ட இடத்தில் இன்றைக்கு மூன்று மாடி நிற்கிறது. உனக்குச் சாயம் போட்டுத் தர முடியாது என்று ஒருத்தர் சொன்னதற்காகவே சொந்தமாகச் சாயப்பட்டறை கட்டினேன். சாயத்தண்ணி ஆற்றில் கலக்கிறது என்று கோர்ட் உத்தரவு போட்டு ஊரில் பட்டறைகள் மூடிக் கிடந்த காலத்தில், தண்ணியைச் சுத்தம் பண்ணுகிற மெஷினையும் சேர்த்துப் போட்டு என்னுடையதைத் திரும்பத் திறந்தேன். இங்கிலீஷில் ஒரு வரி தெரியாமல் ஐரோப்பாக்காரனுக்குச் சரக்கு அனுப்பினேன். இதில் எதுவும் யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை.

இதையெல்லாம் நான் வாயால் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. கம்பெனி வாசலில் மகன் மாட்டி வைத்திருக்கிற பெரிய டிவி காலையிலிருந்து சாயந்தரம் வரைக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. நாலு நிமிஷப் படம். அதில் நான் நடந்து வருகிறேன், துணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன், சிரிக்கிறேன். பின்னால் கம்பீரமான ஒரு குரல், “நிறத்தைக் கண்ணாலேயே அளக்கும் ஐயா” என்கிறது.

மற்றதெல்லாம் நெசம். அந்த ஒரு வரி நெசமில்லை. அந்தக் கண் என்னுடையதல்ல, எங்கள் கலர் மாஸ்டருடையது.

அவர் பேரை இங்கே எழுதவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று மருமகள் சொன்னாள். பேசிப் பார்த்தேன். நான் மாஸ்டர் என்றால் அது மாஸ்க் என்று எழுதியது. மூன்று தடவை சொன்னேன், மூன்று தடவையும் மாஸ்க். போனை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்துக்கொண்டேன்.

பதினெட்டு வருஷம் எங்கள் பட்டறையில் இருந்தார். ராயபுரத்தில் வாடகை வீடு. தறிக்காரக் குடும்பம். வருஷம் தவறாமல் பழனிக்கு நடந்து போவார். சாம்பல் நிறச் சட்டை தவிர வேறு நிறத்தில் நான் அவரைப் பார்த்ததே கிடையாது.

“ஏனுங் மாஸ்டரு, தீவாளிக்குமா இதே சாம்பலு?” என்று ஒரு தரம் கேட்டேன்.

“கலர்ச் சட்ட போட்டா அந்தக் கலரு துணி மேல அடிக்குமுங்க மொதலாளி. அப்புறம் துணி பொய் சொல்லும்” என்றார்.

“தீவாளியன்னைக்கி எந்தத் துணியப் பாக்கப் போறீங்க?”

“யாராவது கொண்டாந்து காட்டுவாங்களுங்க.”

மகள் கல்யாணத்திலும் சாம்பல்தான். சம்பந்தி வீட்டுக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மனுசன் பந்தியில் நின்று பரிமாறிக்கொண்டிருந்தார்.

சாயத் தொழில் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பையர் என்று நாங்கள் சொல்கிற வெளிநாட்டு வாடிக்கைக்காரன் உள்ளங்கையளவு துணித்துண்டு ஒன்றை அனுப்புவான். அதே நிறம் நம் துணியில் வரவேண்டும். அதற்கு முதலில் சின்னச் சின்னத் துண்டுகளில் சாயம் போட்டுப் பார்ப்போம். லேப் டிப் என்பார்கள். அதை லைட் பாக்ஸ் என்று உள்ளே சாம்பல் வர்ணம் அடித்த ஒரு பெட்டியில் வைத்து, நாலு விதமான விளக்கை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கவேண்டும். பகல் வெளிச்ச விளக்கில் இரண்டு துண்டும் அண்ணன் தம்பியாட்ட ஒட்டி நிற்கும். துணிக்கடைகளில் எரிகிற மாதிரி விளக்கைப் போட்டால் ஒன்று சிவந்து, ஒன்று கறுத்து, யாரோ எவரோ ஆகிவிடும்.

அதனால் எதற்கும் அவர் முதல் பார்வையில் சரி என்று சொல்லமாட்டார். “இன்னொரு வெளிச்சத்துலயும் பாத்தரலாமுங்க” என்பார். கம்ப்யூட்டர் மெஷின் வந்து நிறத்துக்கு நம்பர் போட ஆரம்பித்தபோது, மற்ற மாஸ்டர்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். இவர் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கற்றுக்கொண்டார். “இதுவும் ஒரு வெளிச்சந்தானுங்க.”

துணியோடு அது நிற்கவில்லை. ஒருநாள் மத்தியானம் வாட்ச்மேன் நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தான். இப்பவே வெளியே போ என்று நான் கத்தினேன். மாஸ்டர் பக்கத்தில் வந்து மெதுவாக, “இன்னொரு வெளிச்சத்துலயும் பாத்தரலாமுங்க மொதலாளி” என்றார். விசாரித்தால், மாற்று ஆள் வராமல் இரண்டு நாளாக அவனே நின்றிருக்கிறான். அந்த வாட்ச்மேன் இன்னமும் எங்களிடம் இருக்கிறான். இப்படி என்னை எத்தனையோ தடவை நிறுத்தியிருக்கிறார். எல்லாத் தடவையும் நான் நிற்கவில்லை.

கம்பெனியில் யார் டிவி வாங்கப் போனாலும் ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். பீகார்க்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ரூமுக்கு ஒரு டிவி வாங்கினாலும் “மாஸ்டர்ஜி” இல்லாமல் வாங்கமாட்டார்கள். நானும் கூட்டிப்போனேன். என் வீட்டுக்காரிக்கு முழங்கால் போய்விட்டது. கட்டிலும் டிவியும்தான் அவளுக்கு உலகம். பழைய டிவியில் எல்லார் முகமும் காமாலை வந்த மாதிரி ஆகியிருந்தது.

கடையில் சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் ஒரே மயில், ஒரே அருவி, ஒரே கிளி. இருக்கிறதிலேயே பெரியதை நான் கைகாட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கியதைவிடப் பெரிசாக இருக்கவேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே வெள்ளை பனியன் துணி, விரல் நீளத்துக்கு. அதை ஓரத்தில் பிடித்து டிவி பக்கத்தில் காட்டினார்.

“கண்ணு, மயில உடுங்க. மனுச மூஞ்சி வர்ற மாதிரி எதாச்சும் போடுங்க. நியூஸ் போடுங்க.”

விற்கிற பையன் போட்டான்.

“இந்தக் கலர் செட்டிங்கக் கொஞ்சம் எறக்குங்க.”

“சார், கம்பெனி செட்டிங்கே இதுதான் சார். எல்லாரும் இதத்தான் விரும்புவாங்க.”

“இது கடைக்குப் போட்ட செட்டிங்குங்க கண்ணு. மொதலாளி ஊட்டு அக்கா கடையில உக்காந்து பாக்கப் போறதில்ல. மேல இருக்கற லைட்ட ஒருக்கா அணைப்பீங்களா?”

அந்தப் பையன் என்னைப் பார்த்தான். கடையில் லைட்டை அணைக்கச் சொன்ன ஆளை அவன் அதுவரை பார்த்திருக்கமாட்டான். நான் அணைப்பா என்றேன். பாதி வரிசை அணைந்தது. மாஸ்டர் என் பக்கம் திரும்பி, “அக்கா கட்டலு எந்தப் பக்கமுங்க? ஜன்னலு முதுகுக்கா, மூஞ்சிக்கா?” என்றார். அந்த அறையை நான்தான் கட்டினேன். ஜன்னல் எந்தப் பக்கம் என்று எனக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை.

இரண்டு மணி நேரம் ஆச்சு. நான் கைகாட்டிய பெரிய டிவியை விட்டுவிட்டு ஒரு நடுத்தரத்தைச் சொன்னார். எனக்கு மனசே இல்லை. வீட்டில் மாட்டி, அவரே உட்கார்ந்து நிறத்தைச் சரிபண்ணிவிட்டு நகர்ந்தார். ஒரு கோயில் அபிஷேகம் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “இப்பத்தானுங்க மஞ்சளு மஞ்சளாட்ட இருக்குது” என்றாள்.

அந்த டிவியோடு நான் பட்ட பாடு வேறு. பழைய டிவிக்கு ஒரு பட்டன் போதும். இதற்கு இரண்டு ரிமோட், நடுவில் ஒரு பெட்டி, அதற்கொரு பாஸ்வேர்டு. வாயால் சொன்னால் போடும் என்றார்கள். முருகன் பாட்டு என்றேன். முருங்கை கூட்டு செய்வது எப்படி என்று காட்டியது. நான் முருங்கைக்காய்ச் சந்தைக்குப் பேர்போன மூலனூர்க்காரன் என்று அதற்கு எப்படித் தெரிந்ததோ. நான் கத்தினேன். கத்தியதையும் எழுதிக் காட்டி, இப்படி எதுவும் இல்லை என்றது.

சாயந்தரம் வந்த மாஸ்டர் சிரிக்காமல் சொன்னார். “அதுக்குக் கோவந் தெரியாதுங்க மொதலாளி. உங்க கத்தலயும் பாட்டுப் பேருன்னு நெனச்சுத் தேடுது, பாவம்.”

மறுநாள் எங்கள் பட்டறைச் சாயத்துணியில் அரை விரலளவு மூன்று துண்டு வெட்டிக்கொண்டு வந்து ரிமோட்டில் மூன்று பட்டன் மேல் ஒட்டினார். பச்சை, நீலம், ஆரஞ்சு. “பச்சைய அமுக்கினா உசுரு வரும். நீலத்த அமுக்கினா நீங்க பாக்கற சேனல் வரும். எங்கயாச்சும் மாட்டிக்கிட்டா ஆரஞ்சு, அது உங்களத் திரும்ப ஊட்டுக்குக் கூட்டியாந்து உட்டுரும். மத்தது எதையும் தொடாதீங்க அக்கா.” எழுதப் படிக்கத் தெரியாத என் வீட்டுக்காரி அன்றையிலிருந்து யாரையும் கூப்பிட்டதில்லை.

இனிமேல் சொல்வதுதான் நான் எழுத உட்கார்ந்த காரியம்.

பையர்கள் நேரில் வருவதை விட்டுவிட்டு டிவியிலேயே கூட்டம் போட ஆரம்பித்த சமயம். ஆபீஸ் கூட்ட அறைக்கு ஒரு டிவி வேண்டியிருந்தது. இந்தத் தடவை மாஸ்டரைக் கூப்பிடவில்லை. கடையில் இருந்ததிலேயே பெரியதை வாங்கி மாட்டினேன். சுவரே தெரியவில்லை.

குழந்தைத் துணி ஆர்டர் ஒன்று. செங்கல்லும் இல்லாமல் மாதுளையும் இல்லாமல் நடுவில் ஒரு சிவப்பு. பையரின் அசல் துண்டு கூரியரில் எங்கேயோ மாட்டிக்கொண்டது. அவர்கள் சொன்ன கலர் நம்பரை வைத்து மாஸ்டர் மூன்று துண்டு சாயம் போட்டு ஏ, பி, சி என்று வைத்திருந்தார். கப்பலுக்கு நாள் நெருங்கிவிட்டது. டிவியில் பையர் கம்பெனியிலிருந்து பேசிய அம்மா தன் கையிலிருந்த துண்டைத் தூக்கிக் காட்டியது. சென்னையிலிருந்து கூட்டத்தில் சேர்ந்திருந்த என் மகன், “பி கிட்டத்தட்ட இருக்குதாமுங்கப்பா. ஆனா துண்டு வந்ததும் வெச்சுப் பாத்துட்டுச் சொல்லச் சொல்றாங்க” என்றான். கூட்டம் முடிந்தது. அந்தம்மா போய், மகனும் போய், டிவியில் என் மூஞ்சியும் மாஸ்டர் மூஞ்சியும் மட்டும் மிச்சம்.

“பி-யவே ஏத்தீரலாம் மாஸ்டரு” என்றேன்.

“டிவியப் பாத்து ஷேடு சொல்லக்கூடாதுங்க. அந்தம்மா ஜன்னலோரம் உக்காந்திருக்குது. அவங்க வெளிச்சம் வேற, கேமரா வேற, நம்ம டிவி வேற. துண்டு வரட்டுங்க.”

“டிவி பாத்து வாங்கறதுல ஊருக்கே நீங்கதான மாஸ்டரு. உங்களுக்கே டிவியில கலரு தெரியலீங்களா?”

அவர் சுவரைப் பார்த்தார். “இது நான் பாத்து வாங்குனதில்லீங்களே.”

அதில் ஒரு குத்தலும் இல்லை. இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றது. நான் வாங்கியதைச் சரியில்லை என்கிறான் என்றுதான் கேட்டது.

“நாளைக்கு நான் பழனிக்கு நடக்கறனுங்க. துண்டு வந்தா அப்படியே வெச்சிருங்க. வந்ததும் இன்னொரு வெளிச்சத்துலயும் பாத்தரலாமுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். நடக்கும்போது போனை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போவார். எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை பட்டறைக்குப் போன் போட்டேன். சூப்பர்வைசர், “மாஸ்டர் பாத்துட்டாங்களாங்க?” என்று கேட்டான். அவர் சொல்லாமல் அங்கே ஒரு கிலோ துணிகூட மெஷினில் ஏறாது. அது நானே போட்ட சட்டம்.

“மாஸ்டர் ஓகே சொல்லீட்டாரு. பி-ய ஏத்து” என்றேன்.

அவ்வளவுதான் நான் பேசியது. சொல்லும்போது பெரிசாக ஒன்றும் தோன்றவில்லை.

அவர் திரும்பி வந்தபோது பாதத்தில் துணி சுற்றியிருந்தார். என் மேஜையில் பஞ்சாமிர்த டப்பாவை வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனார். அதற்குள் மொத்தத் துணியும் சாயமாகி முடிந்திருந்தது, கூரியரும் வந்திருந்தது. இரண்டையும் பெட்டியில் வைத்துப் பார்த்திருக்கிறார். நான் போனபோது விளக்கை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். பகல் விளக்கில் ஒட்டிக்கொண்டு நின்றது. கடை விளக்கில் எங்கள் துணி ஆறிப்போன காயமாட்ட இருந்தது.

“மாறுதுங்க” என்றார்.

பையர் ஆர்டரைத் தள்ளிவிட்டான். மகன் சென்னையிலிருந்து வந்து அதே அறையில் எல்லாரையும் உட்கார வைத்தான். “யாரு ஓகே சொன்னது?” என்று கேட்டான். சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டு, “மாஸ்டர் ஓகேன்னு சொன்னாங்க” என்றான். அவனுக்குத் தெரிந்தது அதுதான், அவன் பொய் சொல்லவில்லை. எல்லாரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். மாஸ்டர் என்னைப் பார்த்தார்.

நான் டிவி ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பட்டன் என்று தெரியாதவன் மாதிரி.

மாஸ்டர்தான் பேசினார். “போறதுக்கு முன்னால பட்டறையிலயும் ஒரு வார்த்த சொல்லீட்டுப் போயிருக்கோணுமுங்க. என் தப்புத்தான்” என்றார். ஓகே சொன்னதை அவரே ஒத்துக்கொண்டதாக மகன் எடுத்துக்கொண்டான். கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில், இனிமேல் யாரும் டிவியைப் பார்த்து ஷேடு ஓகே பண்ணக்கூடாது என்று போட்டான். பேர் போடவில்லை. போடவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் அவராகவே வேலையை விட்டு நின்றுகொண்டார். நான் தடுக்கவில்லை. திருப்பூர் பெரிய ஊர்தான், சாயப்பட்டறை உலகம் சின்னது. “டிவியப் பாத்து ஓகே சொன்ன மாஸ்டரா நீங்க?” என்று இரண்டு இடத்தில் சிரித்தே அனுப்பியிருக்கிறார்கள். வாழ்நாளில் எதையும் ஒரே வெளிச்சத்தில் பார்த்து முடிவு சொல்லாத மனுசனுக்கு அந்தப் பேர். கடைசியில் சொந்தக்காரர் ஒருவரின் லேபிள் கடையில் லேபிள் பிரித்துக் கட்டும் வேலைக்குப் போனார். அங்கேயும் சாம்பல் சட்டைதான் என்று கேள்விப்பட்டேன்.

ஒரு வருஷம் கழித்து வீட்டு டிவி தானாக என்னமோ அப்டேட் பண்ணிக்கொண்டது. நிறமெல்லாம் பழையபடி மயில் நிறம் ஆகிவிட்டது. மகன் பார்த்தான், பேரன் பார்த்தான், கம்பெனி ஆள் வந்து பார்த்தான். “மாஸ்டரக் கூப்புடுங்க” என்றாள் வீட்டுக்காரி. நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.

ராயபுரத்துக்கு நானே போனேன். டிவி ஒரு சாக்கு. உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்றுதான் போனேன். வாசலில் என்னைப் பார்த்ததும், “வாங்க மொதலாளி, அக்கா டிவி நல்லாப் பாக்கறாங்களா?” என்றார். வாயில் டிவிதான் வந்தது. உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டார்.

அரை மணி நேரம் உட்கார்ந்து சரிபண்ணினார். ரிமோட்டில் துணித்துண்டுகள் நைந்திருந்ததைப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து புதுசாக மூன்று எடுத்து ஒட்டினார். வரும்போதே எடுத்து வந்திருக்கிறார். “சாயந்தரம் லைட் போட்டதுக்கப்புறமும் ஒருக்கா பாருங்க அக்கா. இன்னொரு வெளிச்சத்துலயும் பாக்கோணுமில்லீங்க” என்றார்.

கேட் வரைக்கும் கூடப் போனேன். “மாஸ்டரு” என்றேன்.

“சொல்லுங்க மொதலாளி.”

நின்றார். நன்றாக நின்றார். அவசரமில்லாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“வண்டியில கொண்டுபோய் உடச் சொல்லட்டுமா?” என்றேன்.

“டவுன் பஸ் வருமுங்க” என்றார்.

ஆளில்லாத காட்டிலிருந்து கிளம்பி வந்து, எவனுக்கும் பயப்படாமல் மூன்று மாடி கட்டியவன் நான். அந்த மனுசனிடம் ஒரு வரி சொல்லப் பயந்தேன்.

போன வருஷம் ஐப்பசியில் அவர் போய்விட்டார். மாரடைப்பு. காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்துப் போய் அவர் வீட்டுக்காரம்மா முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். போன் பண்ணியது, ரிமோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது, கேட்டில் நின்றது. அந்தம்மா அழவில்லை. அதட்டவும் இல்லை.

“எங்களுக்குத் தெரியுமுங்க” என்றது. “அவரு உங்களப் பத்தி ஒரு நாளும் தப்பாச் சொன்னதில்ல. மொதலாளியே ஒரு நாளைக்குச் சொல்லீருவாரு, பாத்துக்கலாம்னுதான் சொல்லீட்டிருந்தாரு. அன்னைக்கி டிவி பாக்கக் கூட்டீட்டுப் போனீங்களே, வெசையாக் கெளம்பிப் போனாரு. திரும்பி வந்து, டிவிதான் பாத்தேன்னாரு.”

“இதையெல்லாம் எழுதி வெக்கிறனுங்க அம்மா” என்றேன்.

“அவரு பேரு வேண்டாமுங்க. ஒருக்கா ஊரெல்லாம் இழுபட்டது போதும். எழுதறதா இருந்தா உங்க பேரப் போட்டு எழுதுங்க.”

அதனால்தான் அவருக்கு இங்கே பேரில்லை.

வாசல் டிவிப் படத்தில் இதைச் சேர்க்கச் சொல்லி மகனிடம் கேட்டேன். விஷயம் முழுக்கக் கேட்டான். பிறகு, “அது பையருங்க பாக்கற படமுங்கப்பா. இதையெல்லாம் போட்டா என்ன நெனப்பாங்க? உட்டுருங்க” என்றான். கண்ணால் அளக்கும் ஐயா இப்பவும் வாசலில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். என் வீட்டு ரிமோட்டில் அந்த மூன்று துணியும் இருக்கிறது. பச்சை கொஞ்சம் வெளுத்திருக்கிறது.

நாலு மெஷின் போட்டது நான் என்று படம் சொல்கிறது, சரி. மூன்று மாடி கட்டியது நான், சரி. மூடிய பட்டறையைத் திறந்தது நான், அதுவும் சரி. இவ்வளவையும் என் பேரில் எழுதத் தெரிந்தவர்கள் மிச்சத்தையும் எழுதவேண்டும். டிவியைப் பார்த்து ஓகே சொன்னது மாஸ்டர் இல்லை. நான். அது என்னுடைய வேலை, என் வாய், என் போன். இந்த ஊரில் அந்தக் கதையை இனி யார் சொன்னாலும் கம்பெனி வாசல் போர்டில் இருக்கிற என் பேரைச் சொல்லித்தான் சொல்லவேண்டும். என் பங்கை வேறு யார் பேரிலும் வைக்காதீர்கள்.